பிளாஸ்டிக் தாளில் ஓஎல்இடி: இரண்டாம் நாளே கரும்புள்ளி ஏன்?

கேள்வி: ஐடிஓ (மின்சாரம் கடத்தும், ஒளி ஊடுருவும் ஆக்சைடு) பூசிய 125 மைக்ரான் பெட் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) தாளில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஓஎல்இடி (மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் படலங்கள்) செய்கிறோம். மேலே இன்னொரு பெட் தாளை எபாக்ஸியால் ஒட்டி மூடுகிறோம். கண்ணாடியில் செய்தவை வாரக்கணக்கில் எரிகின்றன. இவற்றில் இரண்டாம் நாளே கரும்புள்ளிகள். வளைத்தால் சில பிக்சல்கள் அணைந்தும் போகின்றன. என்ன தவறு?

பதில்: இரண்டும் தனித்தனி நோய்கள்.

முதலில் ஒரு சாதனத்தை மின்சாரமே கொடுக்காமல் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். அப்போதும் புள்ளி வட்டமாக வளர்ந்தால் குற்றவாளி ஈரம்தான். ஓஎல்இடி தாங்கக்கூடிய நீராவிக் கசிவு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 0.000001 கிராம். வெறும் பெட் தாளிலோ கிராம் கணக்கில் நீர் புகும். சிப்ஸை மொறுமொறுப்பாக வைக்கும் அலுமினியப் பூச்சுத் தாளும் இங்கே போதாது. புகுந்த நீராவி, தூசி விழுந்து கேத்தோடில் (மேலிருக்கும் உலோக மின்முனையில்) உண்டான ஊசித்துளை வழியே இறங்கி உலோகத்தை அரிக்கிறது. அந்த இடம் ஒளிர்வதில்லை.

தாளுக்குள்ளேயே தங்கியிருக்கும் ஈரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூச்சுக்கு முன் வெற்றிட அடுப்பில் 70 டிகிரியில் ஓர் இரவு வையுங்கள். ஐடிஓ மேல் பூசும் பெடாட் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) அடுக்கும் நீரை உறிஞ்சும். கண்ணாடியில் அதை 120 முதல் 150 டிகிரி வரை உலர்த்துவீர்கள். தாள் நெளியுமே என்று பிளாஸ்டிக்கில் சூட்டைக் குறைத்தால் நீர் உள்ளேயே நின்றுவிடும். வெப்பத்தில் சுருங்காதபடி பதப்படுத்திய பெட் அல்லது பென் (பெட்டைவிடச் சூடு தாங்கும் பாலியெஸ்டர்) தாள் வாங்குங்கள். ஆலைகள் இதற்காகவே பாலிஇமைடு என்ற, சூடு நன்கு தாங்கும் பிளாஸ்டிக்குக்குப் போயின: திரவமாகக் கண்ணாடிமேல் பூசி, சுட்டு, திரை முழுவதையும் அதன்மேல் கட்டி முடித்தபின் லேசரால் உரித்தெடுக்கிறார்கள்.

ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு சாதனத்தின் மேற்புறமும் கீழ்ப்புறமும் வேண்டும். அணு அடுக்குப் படிவு முறையில் (வாயுக்களை மாறிமாறிச் செலுத்தி மிக மெல்லிய அடுக்குகளாகப் படியவைப்பது) 100 டிகிரிக்குள் 50 நானோமீட்டர் அலுமினியம் ஆக்சைடு பூசலாம். ஆனால் ஒரு மைக்ரான் தூசி அந்தப் படலத்தைவிட 20 மடங்கு உயரம்! அதனால் ஆக்சைடு, தூசியை மூழ்கடிக்கும் சில மைக்ரான் பாலிமர், மறுபடி ஆக்சைடு என்று அடுக்குங்கள். ஓரத்திலிருந்து கறுப்பு உள்நோக்கி நகர்ந்தால் எபாக்ஸிப் பட்டை குறுகல், அகலப்படுத்துங்கள்.

ஓஎல்இடியை வீணாக்காமல் சோதிக்க, 100 நானோமீட்டர் கால்சியம் படலத்தை இதேபோல் மூடுங்கள். நீர் பட்டால் அது கண்ணாடிபோல் தெளிந்துவிடும். முழுதும் தெளிய சதுர மீட்டருக்குச் சுமார் 0.14 கிராம் நீர் போதும். வெறும் பெட்டில் சில மணி நேரத்தில் மறைந்துவிடும்.

வளைவில் அணைவது ஐடிஓ விரிசலால். தாளின் தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் மேற்பரப்பின் இழுவிசைத் திரிபு (எத்தனை சதவீதம் நீள்கிறது என்பது) கிடைக்கும். 125 மைக்ரான் தாளை 5 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தால் 1.25 சதவீதம், ஐடிஓ ஏறக்குறைய அங்கேயே வெடிக்கிறது. 50 மைக்ரான் தாளில் அது 0.5 சதவீதம்தான். மேலே ஒட்டும் தாளும் அதே தடிமனில் இருந்து முழுப்பரப்பிலும் ஒட்டியிருந்தால் ஐடிஓ நடுவில் அகப்பட்டு, திரிபு ஏறக்குறைய இல்லாமலே போகும். உங்கள் எபாக்ஸி ஓரத்தில் மட்டும் இருந்தால் இந்த நன்மை கிட்டாது. அடுத்த தொகுதிக்கு முன், வெறும் ஐடிஓ தாளைக் குழாயில் சுற்றி மின்தடை ஏறுகிறதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள்.