சித்திரைக்குள் ஒரு பாட்டு வாசிக்க முடியுமா?

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். வயது 41. பியானோ சின்ன வயது ஆசை. பொங்கலுக்கு 61 கட்டை கீபோர்டு வாங்கினேன். சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா குடும்பம் வரும்போது ஒரு சினிமாப் பாட்டை இரண்டு கையாலும் முழுசாக வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு மாதமாகியும் பல்லவியின் முதல் வரியைத் தாண்டவில்லை. எனக்கு இது வராதா?
– வாசகர், செல்லூர்

பதில்: தாராளமாக வரும். ஒரு மாதத்தில் முதல் வரி வந்திருக்கிறதே, அதுவே நல்ல ஆரம்பம். நீங்கள் வைத்த இலக்குதான் ரொம்பப் பெரிசு. வலது கை மெட்டைப் பிடிக்க, இடது கை வேறு கணக்கில் கார்டு (சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) மாற்ற, நடுவில் கை இடம் மாற என்று மூன்று வேலைகளை ஒரே மூச்சில் கேட்கிறீர்கள்.

பாட்டைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். வலது கைக் கட்டைவிரலை கீபோர்டின் நடுவில் இருக்கும் மிடில் சி கட்டை மேல் வைத்து, அடுத்த நான்கு விரல்களையும் பக்கத்து வெள்ளைக் கட்டைகளில் வையுங்கள். நம் கணக்கில் சங்கராபரணத்தின் ச ரி க ம ப. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் ஓடவிட்டு, தட்டுக்கு ஒரு சுரமாக ஏறி இறங்குங்கள். மோதிர விரல் அழுத்தும்போது சுண்டுவிரல் மேலே துள்ளும், நடுவிரல் கட்டையை விட்டு எழ மறுக்கும். அந்த விரல்களின் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் எல்லோருக்குமே அப்படித்தான். ஐந்து சுரமும் ஒரே அளவு சத்தத்தில், தொடர்ந்து மூன்று முறை வந்துவிட்டால் அன்றைய இலக்கு முடிந்தது. வந்ததா, வரலையா என்று அன்றைக்கே தெரிகிற இலக்குதான் இந்தக் கட்டத்துக்குச் சரி.

அப்புறம் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில், கடைசிப் பகுதியில் வரும் ‘ஓட் டு ஜாய்’ என்ற புகழ்பெற்ற மெட்டை எடுங்கள். அதன் முதல் எட்டு பார்களை (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) இதே ஐந்து சுரத்துக்குள் வாசித்துவிடலாம். முதலில் வலது கை மட்டும். அது தடுமாறாமல் வந்த பிறகு, இடது கையில் பாருக்கு ஒரு சுரத்தைப் பிடித்து நின்றால் போதும். கை தடுமாறினால் வேகத்தைக் குறையுங்கள், கூட்டாதீர்கள். தானாகத் தாளமும் கார்டும் போடுகிற ஸ்டைல் பட்டனை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். அது ஓடும்போது நாம் எங்கே தப்பினோம் என்றே காதில் விழாது.

கடைக்குக் கிளம்பும் முன் தினமும் கால் மணி நேரம் உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட அதில் விரல் வேகமாகப் பழகும். பழகியது கையில் படிவது ராத்திரித் தூக்கத்திலும் நடக்கிறது.

சித்திரைக்குப் பல்லவி மட்டும் போதும். வலது கையில் மெட்டு, இடது கையில் பாருக்கு ஒரு சுரம், நிதானமான வேகம். அக்கா அதைக் கேட்டு நிச்சயம் மகிழ்வார். சரணத்தை எப்போது தொடுவது என்பதைத் திருவிழா முடிந்து யோசிக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும், கீபோர்டைக் கட்டிலில் வைத்துச் சம்மணம் போட்டா வாசிக்கிறீர்கள்? அப்படியானால் முதல் செலவு ஸ்டாண்டுக்கு. முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வர வேண்டும். மணிக்கட்டு மடங்கியே இருந்தால் சீக்கிரம் வலி வந்துவிடும்.