நம்பிக்கையான பழைய கைத்துப்பாக்கியை இன்னும் மாற்றலாமா?

இருபது வருடமாக மக்கர் பண்ணாத, அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய 1911 ரகத் துப்பாக்கி. ட்ரிகரை லேசாக்கி, குறிபார்க்கப் புது சைட்டும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைட் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. பழைய மாடலின் முன் சைட் சின்னஞ்சிறு மேடுதான், மங்கிய வெளிச்சத்தில் கண்ணில் படவே படாது. ஆனால் புதியது உட்கார ஸ்லைடில், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் இரும்புப் பகுதியில், காடி வெட்ட வேண்டியிருக்கலாம். வெட்டிய இரும்பு திரும்ப வளராது. பழைய ராணுவத் துப்பாக்கி என்றால் சேகரிப்பு மதிப்பும் அதோடு சரி.

ட்ரிகர் விஷயத்தில் எனக்குத் தயக்கம் அதிகம். தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் ஹேமரும், ட்ரிகரை அழுத்தும்வரை அதைப் பிடித்து வைக்கும் சியரும் கவ்விக்கொள்ளும் இடம் மயிரிழை அளவுதான். அதைத் தேய்த்து லேசாக்கப் போய் அளவு தப்பினால், ஸ்லைடு அடித்து மூடும் அதிர்ச்சியிலேயே ஹேமர் நழுவலாம், ஒரே அழுத்தலில் இரண்டு தோட்டாகூடப் பாயலாம். அரத்தோடு வீட்டில் உட்காரும் வேலை இல்லை இது. துப்பாக்கி பழுதுபார்க்கும் தேர்ந்த ஆர்மரரிடம் கொடுங்கள்.

காசு செலவழிக்கக் கை அரிக்கிறதா? முதலில் ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கையும், தோட்டா அடைக்கும் மேகசின்களில் தளர்ந்தவற்றையும் மாற்றுங்கள். அப்புறம் ஒரு இருநூறு ரவுண்டு சுட்டுப் பாருங்கள். ட்ரிகர் அப்போதும் உறுத்தினால் பார்க்கலாம். கழற்றும் பழைய பாகங்களை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.