செருப்பைக் கழற்றாமல் திரும்பியவர்

கேள்வி: என் தந்தையும் சித்தப்பாவும் கூட்டாக நடத்திய சிறிய பனியன் கம்பெனி, நான் பள்ளியில் படித்தபோது நொடித்துப் போனது. சித்தப்பா பணத்தை எடுத்துக்கொண்டதுதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். நடந்ததை நடந்தபடியே சிறுகதையாக எழுதினேன். படித்த நண்பர்கள், ‘உண்மைபோலத் தோன்றவில்லை’ என்கிறார்கள். சொந்த வாழ்க்கையைக் கதையாக்கலாமா? அம்மா படித்தால் வருந்துவாரோ என்றும் அஞ்சுகிறேன்.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, கடிதத்துடன் நீங்கள் அனுப்பியிருந்த கதையை இரண்டு முறை படித்தேன். சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதுவதில் தவறே இல்லை. ஆனால் ஒரு சம்பவம் மெய்யாகவே நடந்தது என்பதற்காக வாசகர் அதை நம்பிவிடுவதில்லை. உங்கள் கதை, தந்தையின் சார்பில் எழுதிய வழக்கு மனுவைப் போல இருக்கிறது. முதல் பத்தியிலேயே தீர்ப்பு வந்துவிடுவதால் சித்தப்பா ஒரு மனிதராகக் கதைக்குள் நுழையவே இல்லை. வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட ஓவர்லாக் தையல் மெஷின்கள்கூட அவருக்கு எதிரான சாட்சியாகத்தான் நிற்கின்றன.

ஆனால் ஓர் இடம் இருக்கிறது. அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கடைசிச் சனிக்கிழமைக் கூலியைக் கொடுத்து முடித்த இரவில், சித்தப்பா வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றாமல் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார் என்றும், சன்னல் வழியே அதைப் பார்த்த நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றும் இரண்டே வரிகளில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். அவர் எதற்காக வந்தார், நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்பது உங்களுக்கே இன்னும் விளங்கவில்லை என்று நினைக்கிறேன். கதை அங்கேதான் இருக்கிறது.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். 1931இல் செகந்திராபாத்தில் பிறந்த அவர், ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த 1948இன் கொந்தளிப்பை அங்கேயே இருந்து கண்டவர். நாவல் வெளிவந்ததோ 1977இல். அதில் எது அவருக்கு நடந்தது, எது சந்திரசேகரன் என்ற பாத்திரத்துக்காகப் புனைந்தது என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. யார் குற்றவாளி என்று காட்டி அந்த நாவல் முடிவதில்லை. கலவரத்துக்கு அஞ்சிய ஒரு வீட்டில், தன் குடும்பத்தைக் காப்பதற்காக ஒரு சிறுமி செய்யும் செயலைக் கண்டு, தாங்கமுடியாத வெட்கத்துடன் அவன் ஓடுவதில் முடிகிறது.

நானும் தொடக்க காலத்தில் என் தாய்மாமன்மீது இருந்த கோபத்தை அப்படியே கதையாக எழுதினேன். அவர் பேசுவதாக ஒரு பக்கம் எழுதிப் பார்க்க முயன்றபோதுதான், அவர் வாயில் வரக்கூடிய ஒரு வாக்கியம்கூட எனக்குத் தெரியாது என்பது புரிந்தது. நீங்களும் அந்த இரவைச் சித்தப்பாவின் பக்கமிருந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். அச்சுக்காக அல்ல, உங்களுக்காக. தேவைப்பட்டால் சித்தப்பாவைத் தந்தையின் நண்பராக மாற்றுங்கள், ஆண்டுகளைச் சுருக்குங்கள், நடக்காத உரையாடலைச் சேருங்கள். வாசலில் நின்ற அந்தச் சில நிமிடங்களை மட்டும் கைவிடாதீர்கள்.

அம்மாவைப் பற்றிய அச்சம் நியாயமானது. பெயரை மாற்றிவிட்டால் மட்டும் உறவினருக்குத் தெரியாமல் போய்விடாது. தன் ஊரையும் வாழ்க்கையையும் எழுதிய பாமாவின் தன்வரலாற்று நாவல் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தபோது அவருடைய ஊராரே முதலில் சினம் கொண்டார்கள்; சில மாதங்கள் அவரால் ஊருக்குள் செல்ல முடியவில்லை. பின்னர் அவர்களே அதை ஏற்றுக்கொண்டார்கள். எல்லாக் குடும்பங்களிலும் அப்படி நடக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். ஆகவே எழுதும்போது யாரையும் நினைக்காமல் எழுதி முடியுங்கள்; இதழுக்கு அனுப்பும் முன் அம்மாவின் அருகில் அமர்ந்து படித்துக் காட்டுங்கள். அன்றிரவு வாசலில் நின்றவரை அவரும் பார்த்திருக்கக்கூடும்.