ஆர்எக்ஸ்இஸட் பழகிய கைக்கு 220 கிலோ வண்டி

கேள்வி: எனக்கு வயது 58. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். இளவயதில் யமஹா ஆர்எக்ஸ்இஸட் ஓட்டினேன். மூத்தவள் பிறந்ததும், 1996இல், அதை விற்றுவிட்டேன். அதன் பிறகு கார்தான். இப்போது பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். கவாசாக்கி வெர்சிஸ் 650க்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். கையில் இருப்பது பழைய பி2 உரிமம். ஐந்து வாரத்தில் நண்பர்கள் கூட்டமாகப் பினாங்குக்குப் போகிறார்கள். மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நானும் போக ஆசைப்படுகிறேன். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நீச்சலும் சைக்கிளும் மறக்காது, இதுவும் அப்படித்தான் என்கிறார்கள் நண்பர்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஐயா, வண்டியை எடுப்பதற்கு முன்னால் உரிமத்தை எடுங்கள். பி2 உரிமம் 250 சிசி வரைக்கும்தான். 500 சிசி வரை ஓட்ட பி1 வேண்டும், அதற்கு மேல் முழு பி வேண்டும். உங்கள் வண்டி 649 சிசி. கடையில் யாராவது “ஓட்டிக்கொண்டே எடுத்துக்கொள்ளலாம்” என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள். உரிய உரிமம் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால், போலீஸ் சம்மன் ஒரு பக்கம் இருக்கட்டும், காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும்.

உங்கள் பி2, கார் உரிமத்தோடு ஒரே அட்டையில் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்க வேண்டும். அட்டையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டைத் தாண்டியவர்கள்தான் மறுபடி முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். முழு பி தேர்வுக்காகப் பயிற்சி நிலையத்தில் செலவாகும் நாள்கள் வீண் என்று நினைக்காதீர்கள். அன்று ‘தீத்தி’ என்ற ஒடுங்கிய பலகைமேல் ஓட்டிக் காட்டியது நினைவிருக்கும். பெரிய வண்டியை அப்படி மெதுவாக ஓட்டிக் காட்டும்போதுதான் உங்களுக்கு எது மறந்துவிட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

இனி நண்பர்கள் சொன்ன ‘மறக்காது’ என்ற பேச்சுக்கு வருகிறேன். அது உண்மைதான். எனக்குக் கவலை தருவதும் அதுதான். உங்கள் கையும் காலும் மறக்காமல் வைத்திருப்பது ஆர்எக்ஸ்இஸட்டை. நூறு கிலோவை ஒட்டிய, 135 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி அது. சாய்ந்தால் முழங்காலால் தாங்கிவிடலாம். நெரிசலில் இடுப்பை ஆட்டினால் போதும், நுழைந்துவிடும். உங்கள் புது வண்டி பெட்டிகள் இல்லாமலே 220 கிலோவை ஒட்டி வரும். நாற்பது வயதுக்கு மேல் திரும்பி வரும் மாணவர்களை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அடியோடு புதியவர்களைவிட இவர்களிடம்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். புதியவருக்குத் தெரியாது என்பது அவருக்கே தெரியும். இவர்களோ முதல் கிலோமீட்டரிலேயே முகம் மலர்ந்து, மூன்றாவது கிலோமீட்டரில் இருபத்தைந்து வயதுக்காரர் ஆகிவிடுகிறார்கள்.

பழைய பழக்கங்களில் முதலில் விட வேண்டியது கால் பிரேக்கை நம்புவது. நம் ஊரில் கப்சாய் என்ற சின்ன வண்டியில் பழகியவர்கள் பலருக்கு முன்பிரேக் என்றாலே பயம், “தூக்கி எறிந்துவிடும்” என்பார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பின்சக்கரம் லேசாகிவிடுவதால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் சீராக இறுக்குங்கள். சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கினால் பிடி கைக்குள் துடிக்கும். அதில் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடாதீர்கள், பிடித்தபடியே இருங்கள். காலியான இடத்தில் 30, 40, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்று பழகுங்கள். ஒவ்வொன்றையும் பத்து முறையாவது செய்யுங்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டரில் வண்டி விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, மனம் உணர்ந்து, விரல் பிரேக்கைத் தொட ஒன்றரை விநாடி ஆனால், 37 மீட்டர் போன பிறகுதான் பிரேக்கே தொடங்குகிறது. வயதில் கூடுவது இந்த முதல் பகுதி. ஆகவே முன்னால் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் இடையே பழைய நாளைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். இடையில் யாராவது வந்து நுழைந்தால் நுழையட்டும், மறுபடி பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது திருப்பம். ஆர்எக்ஸ்இஸட்டில் உடம்பைச் சாய்த்தால் வண்டி கூடவே வந்தது. 220 கிலோ வண்டி உங்கள் தோளுக்கு அவ்வளவாக மசியாது. வேகத்தில் போகும்போது வலப்பக்கம் திரும்ப வலக் கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். படிக்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அன்றும் நீங்கள் அறியாமல் இதைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள். இனி அறிந்து செய்யுங்கள். வளைவில் எதிரே லாரி வந்தால் லாரியைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய வழியைப் பாருங்கள். கண் எங்கே நிலைக்கிறதோ அங்கேதான் வண்டி போகும்.

இவற்றையெல்லாம்விட அடிக்கடி நடப்பது, வண்டி நிற்கும்போது விழுவது. பெட்ரோல் நிலையத்திலும், வீட்டு வாசல் சரிவிலும், யூ-டர்ன் எடுக்கும் இடத்திலும்தான் இது நடக்கும். நானே ஐம்பது வயதில், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைத் தொட்டு, எண்ணெய் நிரப்ப வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் சாய்த்திருக்கிறேன். அடி முட்டியில் இல்லை, மானத்தில்தான். மெதுவாகத் திரும்பும்போது முன்பிரேக்கை மறந்துவிடுங்கள். கிளட்சைப் பாதி பிடியில் வைத்து, கால் பிரேக்கை லேசாக அழுத்தி, தலையை நிமிர்த்தி, திரும்பி முடிக்க வேண்டிய இடத்தைப் பாருங்கள். எட்டு என்ற இலக்கத்தைப்போல் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் தாங்கப் பார்க்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். என்ஜினைக் காக்கும் இரும்புக் கம்பிகளை முதல் நாளே பொருத்திவிட்டால் அந்த நேரத்தில் விட்டுவிட மனசு வரும்.

விழுந்ததைத் தூக்க முறை உண்டு. முதலில் என்ஜினை அணையுங்கள், கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே பக்கத் தாங்கியை இறக்கிவிடுங்கள். ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பி, இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடந்து எழுந்திருங்கள். பாரம் தொடைக்குப் போகட்டும், இடுப்புக்கு வேண்டாம். உங்களால் முடியாது என்றால் வெட்கப்படாமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். வெர்சிஸ் 650இன் இருக்கை 84 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். கடையில் சாதாரணக் காலணியோடு அல்ல, ஓட்டப்போகும் காலணியோடு உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதங்களின் முன்பாதியும் உறுதியாகத் தரையில் படவில்லை என்றால் தாழ்ந்த இருக்கை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முன்பணம் கட்டும் முன் என்னைக் கேட்டிருந்தால் 196 கிலோ உள்ள ஹோண்டா என்எக்ஸ்500ஐத்தான் காட்டியிருப்பேன். நெடுஞ்சாலையில் 110க்கு மேல் சட்டமும் விடாது. போகட்டும், ஆசைப்பட்டுவிட்டீர்கள்.

நீரிழிவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. நம் நாட்டில் இந்தியர்களிடையேதான் இந்த நோய் அதிகம் என்பது சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது. எனவே இது உங்களுக்கு மட்டும் சொல்வதல்ல. நாள்பட்ட நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கலாம். இடப்பாதம் கியரையும் வலப்பாதம் பின்பிரேக்கையும் உணர்ந்துதான் வேலை செய்கிறது. மருத்துவரிடம் பாதத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் மாத்திரை சர்க்கரையைத் திடீரென்று இறக்கும் வகையா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் புறப்படும் முன் சர்க்கரை அளவைப் பாருங்கள், சட்டைப்பையில் மிட்டாய் வையுங்கள். கை நடுங்கி, வியர்த்து, எரிச்சல் வந்தால் வெயில் என்று எண்ணி ஓட்டிக்கொண்டு போகாமல் நிறுத்துங்கள். கண் மருத்துவரிடமும் போக வேண்டும். விழித்திரைக்காகவும், இரவில் எதிர்விளக்கு சிதறித் தெரிந்தால் கண்புரைக்காகவும். கண்ணாடி அணிபவர் என்றால் அதே கண்ணாடியோடு தலைக்கவசத்தைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தலைக்கவசம் முகம் மூடியதாக, சிரிம் தர முத்திரை உள்ளதாக இருக்கட்டும். தோள், முழங்கைக் காப்பு உள்ள வலைத்துணி ஜாக்கெட், கையுறை, கணுக்கால் மூடும் காலணி, இவ்வளவு போதும். ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொள்ளும் நம் ஊர் வழக்கத்தைக் கப்சாயோடு விட்டுவிடுங்கள்.

எங்கே ஓட்டுவது? முதல் இரண்டு வாரம், அனுமதி கேட்டுக்கொண்டு, காலியான பெரிய கார் நிறுத்துமிடத்தில். பிறகு விடிந்ததும், ரவாங், செரண்டா வழியாகப் பழைய சாலையில் தஞ்சோங் மாலிம் வரை. அடுத்து பத்துமலையிலிருந்து உலு யாம் வழியாகப் பத்தாங்காலி. ஆனால் வாரநாளில் போங்கள். வார இறுதியில் அந்த வளைவுகளில் இளைஞர்கள் பறப்பார்கள், அவர்களைப் பார்த்தால் உங்களுக்கும் கை அரிக்கும். புது டயர் முதல் 150 கிலோமீட்டர் வரை வழுக்கும். என்ஜினும் முதல் 1,600 கிலோமீட்டர் விரட்டலைத் தாங்காது. நல்லதாய்ப் போயிற்று, உங்களை அடக்க ஒரு சாக்கு.

கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் பக்கப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். பெட்டி ஹேண்டிலைவிட அகலமாக இருந்தால், கைப்பிடி நுழைந்த சந்தில் பெட்டி இடிக்கும். கார்களுக்கு நடுவே நுழையும் பழைய பழக்கத்துக்கும் இதே பதில்தான்.

மழையில் முதல் பத்து நிமிடம்தான் மோசம். சாலையில் ஊறிய எண்ணெய் மேலே மிதந்து வரும். வெள்ளைக் கோடும் கட்டுமான இரும்புத் தகடும் பனிக்கட்டிபோல் ஆகிவிடும். மேகம் கறுத்ததுமே மழை அங்கியைப் போட்டுவிடுங்கள். கொட்டத் தொடங்கிய பிறகு பாலத்தடியில் அவசரத் தடத்தில் ஒதுங்கி நிற்பது உயிரைப் பணயம் வைப்பது. அதற்கென்று கட்டிய ஒதுங்கிடத்திலோ ஓய்வுத்தளத்திலோ நில்லுங்கள்.

ஐந்து வாரத்தில் பினாங்கு வேண்டாம். போக ஏறத்தாழ 350 கிலோமீட்டர். கூட்டத்தில் போகும்போது நம் வேகத்தை முன்னால் போகிறவர் தீர்மானிக்கிறார். பின்தங்கக் கூடாது என்ற ரோஷம் மீதியைச் செய்துவிடும். இரண்டு, மூன்று மாதம் கழித்து, உங்களைப்போல் நிதானமான ஒரே ஒருவரோடு போங்கள். நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை இறங்கித் தண்ணீர் குடியுங்கள். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை ஒட்டிய இறக்கத்தில் கனரக லாரிகளுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

மனைவியை ஏற்றுவது தனியாகக் கற்க வேண்டிய வித்தை. பாரம் பின்னால் போவதால் நிற்கும் தூரமும் மெதுவாகத் திரும்பும் விதமும் மாறும். பின் சஸ்பென்ஷனை இறுக்க வேண்டும், டயர் காற்றைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏற்ற வேண்டும். முதலில் பத்துமலை வரை நாலைந்து முறை கூட்டிப் போய் வாருங்கள். நீங்கள் தலையசைக்கும் வரை அவர் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நிற்கும் வண்டியைச் சாய்ப்பதில் பாதி அந்த நொடியில்தான் நடக்கிறது.

பினாங்குக்கு அவர் இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் வரட்டும். அவருடைய தலைக்கவசத்தை உங்கள் பெட்டியில் கொண்டு போங்கள். பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும், முதல் முறை அதை அவர் பார்க்க வேண்டாம். நிலையத்தில் அவரை ஏற்றிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை ஏற்றும் ஃபெரியில் ஜார்ஜ்டவுனுக்குக் கடந்துவிடுங்கள்.