இசைத் துறை ஆசிரியர் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். ஏழு வருஷமாகப் பாட்டு கற்கிறாள். பி.ஏ. இசைக்கு இரண்டு இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் ஆறு ஆசிரியர்களும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். இன்னொன்றில் ஏழு பேரில் இரண்டு பேர்தான் டாக்டர். மற்றவர்கள் பெயருக்குப் பக்கத்தில் வித்வான், கலைமாமணி, இசைக்கலைமணி என்றெல்லாம் போட்டிருக்கிறது. மகளுக்கு இரண்டாவது இடம்தான் பிடித்திருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: டாக்டர் பட்டங்களை எண்ணி முடிவெடுக்காதீர்கள். பொறியியல் கல்லூரிக்கு அந்தக் கணக்கு ஓரளவு உதவும். இசைக்கும் நடனத்துக்கும் உதவாது. இங்கே ஆசிரியர் வேலைக்கு நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. இரண்டுமே முறையானவை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018ஆம் ஆண்டு விதிமுறையில் இது தெளிவாகவே இருக்கிறது. முதல் வாசல் எல்லாத் துறைக்கும் உள்ளதுதான்: முதுகலையில் 55 விழுக்காடு, அதோடு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தேர்ச்சி, இல்லையென்றால் பிஎச்.டி. இரண்டாவது வாசல் கலைஞர்களுக்கு. அந்தப் பாடத்தில் இளங்கலைப் பட்டம், பேர்பெற்ற குருவிடம் கற்றிருத்தல், வானொலியிலோ தூர்தர்ஷனிலோ ‘ஏ’ கிரேடு, பாடத்தைக் காரணத்தோடு விளக்கிச் சொல்லும் திறமை ஆகியவை இருந்தால் உதவிப் பேராசிரியராகலாம். இதே வழியில் மேலே போவதற்கு மேடைச் சாதனைதான் முக்கியக் கணக்கு: இணைப் பேராசிரியருக்கு 8 ஆண்டு, பேராசிரியருக்கு 12 ஆண்டு. ஆகவே நீங்கள் பார்த்த அந்த ஐந்து பேர் ‘படிப்பு குறைந்தவர்கள்’ என்று அர்த்தமில்லை. வேறு வாசல் வழியாக வந்தவர்களாக இருக்கலாம்.

முதல் வாசலைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நெட் தேர்வில் 150 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். இசைப் பாடத்துக்கும் அப்படித்தான். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தேர்வெழுதுபவர் ஒரு வரிகூடப் பாடிக்காட்ட வேண்டியதில்லை. 72 மேளகர்த்தா என்ற தாய் ராகங்களும் சங்கீத ரத்னாகரம் என்ற பழைய இசை நூலும் தலைகீழாகத் தெரிந்த ஒருவர், தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தில் அசைவு கொடுக்கத் தெரியாமலேயே தேறிவிடலாம். நெட் தேறியவர்கள் எல்லாரும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து மட்டும் பாட்டுத் திறனை அளக்க முடியாது.

பல்கலைக்கழகத்தில் வித்வான்கள் பாடம் சொல்வது புது வழக்கமுமில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் டைகர் வரதாச்சாரியாரும் எம்.எம். தண்டபாணி தேசிகரும் இருந்தார்கள். 1949இல் சென்னையில் அரசின் கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல்வராக வந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர். அவர்களை யாரும் ஆய்வேடு கேட்டு அமர்த்தவில்லை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருந்ததற்கும் உதாரணம் உண்டு. வீணை தனம்மாளின் பேரன், பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி, புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை வகித்தார். பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய், ராக ஆலாபனையைப் பற்றியே ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். அப்படிப்பட்ட ஆள் துறையில் ஒருவர் இருந்தாலே போதும், கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடலாம். பெரும்பாலான துறைகளில் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. அதனால் பட்டியலைப் பிரித்துத்தான் படிக்க வேண்டும்.

முதலில் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள். இசைக்கலைமணி, நடனக்கலைமணி என்பவை அரசு இசைக் கல்லூரிகளில் மூன்றாண்டு படித்து வாங்கும் பட்டயம். கலைமாமணி என்பது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாநில அரசு கொடுக்கும் விருது. ஒரு ‘மா’தான் வித்தியாசம். பெற்றோர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வாடிக்கை. ‘சங்கீத பூஷணம்’ என்று இருந்தால் பெரும்பாலும் அண்ணாமலையில் படித்தவர். யாழ்ப்பாணத்து ஆசிரியர்களிடம் இதோடு ‘கலாவித்தகர்’ என்ற பட்டத்தையும் பார்க்கலாம். அது வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வில் தேறியவர்களுக்கு உரியது. கலைமாமணியைத் தவிர இவையெல்லாம் படித்துத் தேர்வெழுதி வாங்கியவை. ‘நாதக்கனல்’, ‘இசைப்பேரொளி’ மாதிரி சபாக்களும் கோயில்களும் கொடுப்பது அன்பின் அடையாளம். அதைத் தகுதிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

‘டாக்டர்’ என்ற சொல்லையும் சும்மா ஏற்றுக்கொள்ளாதீர்கள். கௌரவ டாக்டராக இருக்கலாம். ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைப் பெயர் போட்டுத் தேடலாம். பழைய ஆய்வேடுகள் சில அதில் ஏறியிருக்காது. கிடைக்கவில்லை என்பதாலேயே பொய் என்று முடிவுகட்டாதீர்கள். கிடைத்தால் தலைப்பைப் பாருங்கள். கல்வெட்டும் சுவடியும் ஆராய்ந்தவரிடம் போனால் வரலாறு நன்றாக வரும். ராக லட்சணத்தையோ பல்லவியையோ ஆராய்ந்தவர் என்றால், பாடும் வகுப்பிலும் அது எதிரொலிக்க வாய்ப்பு அதிகம்.

வானொலி கிரேடு பி, பி ஹை, ஏ, டாப் என்று ஏறும். ‘வானொலிக் கலைஞர்’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த கிரேடு, எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். மெல்லிசையில் வாங்கிய ‘ஏ’ வேறு, கர்நாடக இசையில் வாங்கிய ‘ஏ’ வேறு. நடனக்காரர்களுக்கு தூர்தர்ஷன் கிரேடைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் காகிதத்தில் இருப்பது. இனித்தான் முக்கியமான விஷயம். பட்டியலில் இருக்கிறவர்களில் உங்கள் மகள் முன்னால் வாரா வாரம் உட்கார்ந்து பாடம் சொல்லப்போவது யார்? துறைத் தலைவரின் படம் பெரிதாக இருக்கும். அவருக்கு நிர்வாக வேலை, ஆய்வு மாணவர்கள், கூட்டங்கள். முதலாம் ஆண்டுக்கு அவர் வருவதே அபூர்வம். முதன்மைப் பாடமான வாய்ப்பாட்டு செய்முறை வகுப்பை எடுப்பது பல இடங்களில் கௌரவ விரிவுரையாளர்தான். அவர் திறமைசாலியாகவே இருப்பார். ஆனால் தொகுப்பூதியம், வருஷா வருஷம் புதுப்பிக்கும் வேலை. நல்ல வேலை கிடைத்தால் நடுவிலேயே போய்விடுவார். அடுத்து வருபவர், ‘இந்தச் சங்கதியை இப்படிப் பாடக்கூடாது’ என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். மூன்று வருஷத்தில் மூன்று பேர் மாறினால் பிள்ளைக்கு எந்தப் பாடாந்தரமும், அதாவது குரு வழியாக வரும் பாடும் முறையும், நிற்காது. அதனால் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். சென்ற ஆண்டு மூன்று வகுப்புகளுக்கும் செய்முறை எடுத்தவர் பெயர் என்ன, அவர் நிரந்தரமா, எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேளுங்கள். அலுவலகத்தில் தயங்கினால் இரண்டாமாண்டு மாணவர்களிடம் கேளுங்கள், ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

மேடைக் கலைஞர் ஆசிரியராக இருந்தால் வேறொரு தொல்லை. மார்கழியில் அவர் சபாக்களில் இருப்பார். பங்குனி, சித்திரையில் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையைத் தொட்டு அமெரிக்கக் கச்சேரிப் பயணம் போகிறவர்கள் உண்டு. கல்லூரியின் இரண்டு செமஸ்டரும் முடிகிற நேரம் பார்த்து ஆசிரியர் ஊரில் இருக்க மாட்டார். அவர் இல்லாதபோது வகுப்பு யாரிடம் போகிறது, விட்ட வகுப்பை ஈடுகட்டுகிறார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. ‘அவங்க ரொம்ப பெரிய ஆர்ட்டிஸ்ட் சார்’ என்று மட்டும் பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு மணி நேர வகுப்பில் 15 பேர் என்றால் தனியாகப் பாடிக்காட்ட ஆளுக்குக் கிடைப்பது 4 நிமிஷம். அட தாள வர்ணம் என்ற நீண்ட பயிற்சி உருப்படி ஒன்றை முழுதாகப் பாட அதற்கு மேலேயே ஆகும். கீர்த்தனையைச் சேர்ந்து பாடிக் கற்கலாம். நிரவலையும் (ஒரு வரியை விதவிதமாக விரித்துப் பாடுவது) கல்பனாஸ்வரத்தையும் (ஸ்வரங்களை அப்போதே கற்பனை செய்து பாடுவது) கும்பலாகக் கற்க முடியாது. அங்கேதான் பல துறைகள் குறுக்கு வழியில் போகின்றன: ஸ்வரத்தை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்றாமாண்டு மாணவர் இருவரை ஒரே கீர்த்தனையில் ஒரே இடத்துக்கு ஸ்வரம் பாடச் சொல்லிக் கேளுங்கள். இருவரும் அச்சு அசலாக ஒன்றையே பாடினால் அது கல்பனை இல்லை, ஒப்பித்தல். ஆசிரியரின் தகுதிப் பட்டியலைவிட இந்த ஒரு சோதனை அதிகம் சொல்லும். நன்றாகப் பாடுகிற எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வராது என்பதும் இதில் வெளியே வந்துவிடும்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்காமல் விடுவது சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள். பையன்கள் 1 கட்டையில் பாடுவார்கள், பெண்கள் 5 கட்டையை ஒட்டி. இருபாலரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டு நடுவாக 3 கட்டைக்குச் சுருதிப் பெட்டியைத் திருப்பிவைக்கிற இடங்கள் இருக்கின்றன. மேலே தார ஸ்தாயியில் பையன்கள் கத்துவார்கள். கீழே மந்திர ஸ்தாயியில் பெண்களுக்குக் குரலே எழும்பாது. மூன்று வருஷம் இப்படிப் பாடினால் ஏழு வருஷம் பழகிய குரல் கெட்டுப்போகும். பிரிவாகப் பிரித்து எடுக்கிறார்களா, பெண்களுக்குப் பாடம் சொல்பவர் அந்தக் கட்டையில் பாடிக்காட்டக் கூடியவரா என்று பாருங்கள்.

வாய்ப்பாட்டில் பாடாந்தரம் மாறினாலும் சமாளித்துக்கொள்ளலாம். வாத்தியத்தில் அது அவ்வளவு லேசில்லை. வயலினில் லால்குடி பாணியில் வில் பிடித்துப் பழகிய பிள்ளை பரூர் பாணி ஆசிரியரிடம் சேர்ந்தால் விரலும் வில்லும் மறுபடி பழக வேண்டும். மிருதங்கத்தில் தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று பள்ளிகள் உண்டு. பட்டியலில் ஆசிரியரின் குரு யார் என்று போட்டிருப்பது இதற்காகத்தான், அலங்காரத்துக்கு இல்லை. எல்லா ஆசிரியர்களும் அதே நிறுவனத்தில் படித்தவர்களாக இருந்தால் நடனத்தில் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அடவு, அதாவது அடிப்படை ஆட்ட அசைவு, சுத்தமாக ஒரே பாணியில் நிற்கும். பாட்டில் அப்படி இருந்தால் கொஞ்சம் யோசிப்பேன். நடனத் துறை என்றால் ஆசிரியரோடு நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்வது), பாட்டு, மிருதங்கத்துக்கு ஆள் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பதிவுசெய்த பாட்டுக்கே மூன்று வருஷம் ஆடிய பிள்ளைக்கு, மேடையில் தாளம் கொஞ்சம் இழுத்தாலும் கால் தடுமாறும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்குப் பாட வேண்டும் என்ற ஆசைதான் என்றால், இளங்கலைக்கு மேடை அனுபவமுள்ள ஒருவர் தொடர்ந்து மூன்று வருஷம் முதன்மைப் பாடம் எடுக்கும் இடமே மேல். இரண்டாவது இடம் அப்படிப்பட்டதா என்று மேலே சொன்னபடி பார்த்து உறுதிசெய்யுங்கள். கல்லூரி ஆசிரியராக வேண்டும் என்றாலும் இப்போதே அவசரப்பட வேண்டியதில்லை. டாக்டர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அவசியமாவது எம்.ஏ.வுக்குப் பிறகு, ஆய்வுக்குப் போகும்போது. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டியாக இருக்கலாம். ஓய்வுபெற மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர் புது ஆய்வு மாணவரைச் சேர்க்கவே முடியாது. அந்தக் கணக்கையெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது இடத்தில் இருக்கும் அந்த இரண்டு டாக்டர்கள் இலட்சணப் பாடத்தை, அதாவது இசைக் கோட்பாட்டை, ஒழுங்காக எடுத்தாலே நெட்டுக்கு அடித்தளம் விழுந்துவிடும்.

நேரில் போகும்போது ஆண்டு விழா அன்று போகாதீர்கள். சாதாரண வேலை நாளில், காலை முதல் வகுப்புக்கு, அனுமதி வாங்கிப் போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போய், அவளுடைய கட்டையைச் சொல்லி, அந்தச் சுருதியில் நடக்கும் வகுப்பு எது என்று கேளுங்கள். வாசலில் அரைமணி நேரம் நின்றால் போதும். ஆசிரியர் தப்பை நிறுத்தித் திருத்துகிறாரா, தானே கடைசிவரை பாடிவிட்டு எழுந்து போகிறாரா என்பது உள்ளே போகாமலே காதில் விழும்.