வாசகர் கேள்வி பதில்: ஹாம் ரேடியோ

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் என் மகன் அங்கே ஹாம் ரேடியோவுக்கான (பொழுதுபோக்காக வானொலி அலைகளில் பேசுவது) ஃபவுண்டேஷன் உரிமம் எடுத்திருக்கிறான். கால்சைன் (ரேடியோவில் தன்னை அடையாளம் காட்டும் குறியீடு) எம்7 என்று தொடங்குகிறது. விடுமுறைக்கு வரும்போது வாக்கி-டாக்கியைக் கொண்டுவந்து வீட்டிலிருந்து பேசலாமா? (யீஷூன் வாசகி)

பதில்: கூடாது, அம்மா. ஃபவுண்டேஷன் ஆரம்பநிலை உரிமம். 26 கேள்வியில் 19 சரியாக எழுதினால் தேர்ச்சி. 25 வாட் வரை பேசலாம், ஆனால் இங்கிலாந்தின் எல்லைக்குள் மட்டும். ஐரோப்பிய நாடுகள் ஒன்றையொன்று அங்கீகரிக்கும் டி/ஆர் 61-01 ஏற்பாட்டில் இங்கிலாந்தின் உயர்நிலையான ஃபுல் உரிமத்துக்குத்தான் இடம் உண்டு. இந்த உரிமத்தோடு அவன் பிரான்சுக்குப் போனாலும் பேச முடியாது. சிங்கப்பூரில் பேச, இங்கே தொலைத்தொடர்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் அனுமதி வேண்டும். கால்சைனுக்கு முன்னால் சிங்கப்பூரின் குறியீடான 9வி1 என்று தானாகச் சேர்த்துக்கொள்வது அனுமதி ஆகாது. விடுமுறைக்குப் பல வாரம் முன்பே ஐஎம்டிஏவுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை பட்டனை அழுத்த வேண்டாம்.

கேள்வி: உரிமம் பெற மோர்ஸ் (புள்ளி, கோடுகளால் செய்தி அனுப்பும் முறை) கட்டாயமா? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: 2003 ஜெனீவா மாநாட்டுக்குப் பிறகு அனைத்துலக விதி அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்தந்த நாடே முடிவு செய்கிறது.

கேள்வி: பேசும் அலையோடு சேர்ந்து வெளியேறும் வேண்டாத அலைகள், பேசும் அலையைவிட 43 + 10 லாக் பி டெசிபல் குறைவாக இருக்க வேண்டும் என்று படிக்கிறேன். 5 வாட்டுக்கு 50 டெசிபல், 25 வாட்டுக்கு 57. சக்தி கூடினால் விதியும் இறுகுமா? (உட்லண்ட்ஸ் மாணவர்)

பதில்: இறுகாது. பலர் சறுக்கும் இடம் இது. 5 வாட்டிலிருந்து 50 டெசிபல் இறக்கிப் பாருங்கள்: 50 மைக்ரோவாட். 25 வாட்டிலிருந்து 57 இறக்கினாலும் அதே 50 மைக்ரோவாட்தான். 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 500 வாட் வரை இது மாறாது. அதைத் தாண்டினால் 70 டெசிபல் போதும். பி என்பது ஆண்டெனா கேபிளுக்குள் போகும் சக்தி, வாட்டில். மில்லிவாட்டில் போட்டால் விடை 30 டெசிபல் தவறும்.

அளந்தும் பாருங்கள், உரிமம் உள்ள ஒருவரின் மேசையில். 145 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் என்றால் 37 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை விட 37 டெசிபல் அதிகம்). எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் நேராகச் செருகினால் அதன் முன்பகுதி கருகிவிடும். இடையில் சக்தியைக் குறைக்கும் 40 டெசிபல் அட்டெனுவேட்டர் வையுங்கள். அது 5 வாட் தாங்குமா என்று முதலில் பாருங்கள். திரையில் முதன்மை அலை மைனஸ் 3 டிபிஎம்மில் நிற்கும். 290, 435 மெகாஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குகள் (145-இன் இரண்டு, மூன்று மடங்கில் எழும் வேண்டாத அலைகள்) அதைவிட 50 டெசிபல் குறைவாக, மைனஸ் 53-க்குக் கீழே இருக்க வேண்டும்.

மேலே நின்றால் உடனே வாக்கி-டாக்கியைப் பழிக்காதீர்கள். இன்னும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் சேருங்கள். ஹார்மோனிக் சரியாக 10 இறங்கினால் குறை வாக்கி-டாக்கியில். உயர்ந்த அலைவரிசைகளைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் போட வேண்டும். 20, 30 என்று இறங்கினால் அதை உண்டாக்கியது அனலைசரேதான்.