இன்றும் பறக்கும் ஜெட் விமானங்களில் மிகப் பழையது எது?

எந்த ரகம் பழையது என்று கேட்டால், க்ளோஸ்டர் மீட்டியோர். பிரிட்டனில் செய்த போர் விமானம். 1943 மார்ச் 5 அன்று முதன்முதலாகப் பறந்தது, அடுத்த வருடமே இரண்டாம் உலகப் போரில் இறங்கிவிட்டது. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 அதற்கும் முந்தியதாயிற்றே என்று சிலர் கேட்பார்கள். சரிதான், ஆனால் இன்று பறக்கிற 262 எல்லாம் பிற்காலத்தில் புதிதாகக் கட்டி வேறு இன்ஜின் பொருத்தியவை, அவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மீட்டியோரை யாரோ ஆசைக்காக ஏர் ஷோவில் ஓட்டுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபத்தில் விமானியைச் சீட்டோடு வெளியே வீசுகிற எஜெக்‌ஷன் சீட் செய்யும் மார்ட்டின் பேக்கர் கம்பெனி, முக்கால் நூற்றாண்டு வயதான மீட்டியோர்களைத்தான் சோதனைக்கு வைத்திருக்கிறது. முன் சீட்டில் உயிருள்ள பைலட், பின் சீட்டில் பொம்மை. மேலே போனதும் பொம்மையோடு பின் சீட் வெடித்துக் கிளம்பும். இன்ஜின்கள் உடம்பை விட்டுத் தள்ளி இறக்கையில் இருக்கின்றன, அதுவும் முரட்டுத்தனமான பழைய சென்ட்ரிபியூகல் ரகம், அதாவது காற்றைச் சுழற்றி வெளிப்பக்கமாக வீசி அழுத்துவது, சீட் வெடிக்கும்போது துண்டு துணுக்கு உள்ளே போனாலும் சமாளிக்கும். இதைவிட ஒரு பழைய விமானத்துக்கு என்ன மரியாதை வேண்டும்?

எனக்கு நெருக்கமானது கான்பெரா, அதுவும் பிரிட்டனில் உருவான குண்டுவீச்சு ஜெட். இப்போது கடலூரில் ஓய்வில் இருக்கிறேன், ஏர்போர்ஸில் இருந்தபோது ஆக்ராவில் கான்பெராவுக்குத் தரைப்பணி பார்த்தவன். அதை ஸ்டார்ட் செய்வதே தனி விஷயம். இன்ஜின் மூக்கில் கார்ட்ரிட்ஜ் என்ற வெடிமருந்துக் குப்பியைச் செருகுவோம், பைலட் பட்டனை அழுத்தினால் உள்ளே வெடித்து அந்த வாயு இன்ஜினைச் சுழற்றிவிடும், கரும்புகை குபுகுபுவென்று வரும், அந்த வெடிமருந்து நெடி சீருடையில் ஏறினால் துவைத்தாலும் லேசில் போகாது. 1949இல் முதலில் பறந்த ரகம், 1957இல் நம்மிடம் வந்தது. 1999 கார்கில் சமயத்தில் ஒரு கான்பெரா, ஏவுகணை பட்டு ஒரு இன்ஜின் போன பிறகும் மிச்ச இன்ஜினோடு பத்திரமாக வந்து இறங்கியது. 2007 மே மாதம் ஆக்ராவில் விடை கொடுத்தார்கள்.

ஆனால் அதன் அமெரிக்கப் பங்காளி இன்னும் ஓயவில்லை. நாசாவிடம் இருக்கும் டபிள்யூபி-57 என்பது நீள இறக்கையும் பெரிய இன்ஜினும் வைத்த கான்பெராதான், 60,000 அடிக்கு மேல் போகும், 2024 ஏப்ரல் சூரிய கிரகணத்தைக்கூட மேலே போய்த் துரத்திப் படம் பிடித்தது. அவற்றில் ஒன்று 1972 முதல் அரிசோனா பாலைவனத்தில் சும்மா நின்றிருந்தது; அதை எடுத்துச் சரிசெய்து 2013இல் மறுபடி பறக்க வைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

விமானத்துக்கு வயதை வருடத்தில் மட்டும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் கேபினுக்குள் காற்றழுத்தம் ஏற்றுகிறார்கள், இறங்கும்போது குறைகிறது, இப்படி உப்பி உப்பி அடங்கித்தான் உலோகம் களைக்கிறது. 1954இல் காமெட் பயணிகள் விமானங்கள் நடுவானில் உடைந்தது இதனால்தான். தினமும் பல தடவை ஏறி இறங்கும் பயணிகள் விமானம் சீக்கிரம் தேயும். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-52 அப்படி இல்லை, போர் வந்தால் கிளம்பத் தயாராகத் தரையில் நின்ற காலம் அதிகம். கடைசி விமானம் 1962இல் வந்தது, இப்போது புது ரோல்ஸ் ராய்ஸ் இன்ஜின் மாட்டி 2050 வரைக்கும் ஓட்டத் திட்டம்.

என் அக்கா மகன் பாண்டிச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறான், “மாமா, பாண்டிக்கு வருகிற விமானம் ஜெட்தானே?” என்பான். அங்கே வருவது ஏடிஆர் என்கிற சின்ன ப்ரொப்பல்லர் விமானம். அதற்கு உள்ளே டர்பைன் உண்டு, ஆனால் அது வெளியே இருக்கிற ப்ரொப்பல்லரைச் சுற்றத்தான், இந்தக் கேள்விக்குள் வராது. அங்கே ஓடுதளமே சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான், பெரிய பயணிகள் ஜெட்டுக்குப் போதாது.

பயணியாக ஏறிப் போகிற மாதிரி பழைய ஜெட் வேண்டுமென்றால் கனடாவின் வட பகுதியைப் பாருங்கள். அங்கே நோலினார் நிறுவனம் 1970களில் செய்த போயிங் 737-200களில் சுரங்கங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிறது. தார் போடாத சரளைக்கல் ஓடுதளத்தில் இறங்க முன்சக்கரத்துக்குப் பின்னால் கல் தெறிக்காமல் ஒரு தடுப்புத் தகடு, இன்ஜின் கல்லை உறிஞ்சிவிடாமல் அதற்கு முன்னால் காற்றைக் கீழே ஊதும் ஒரு குழாய். இந்த வசதி பொருத்துகிற மாதிரி போயிங் புது 737 எதையும் செய்யவில்லை, அதனால்தான் இவற்றை விடாமல் பராமரித்து ஓட்டுகிறார்கள்.